காலையில் இரண்டு மாத்திரை

கண்ணாடியில் காகிதம் ஒட்டுவதென்றால் நான் டேப் போட மாட்டேன். டேப் நாளானால் மஞ்சளடிக்கும், பிய்த்தால் கறை நிற்கும், பிறகு அதைச் சுரண்டிக்கொண்டு உட்கார வேண்டும். நாலு மூலையிலும் பொட்டளவு பசை வைத்து விரலால் ஒரு நீவு நீவிவிட்டால் போதும், வருஷக்கணக்கில் நிற்கும். எடுக்கும்போது ஈரத்துணியால் ஒற்றினால் சத்தமில்லாமல் வந்துவிடும். பத்தொன்பது வருஷத்தில் நான் ஒட்டிய எந்தக் காகிதமும் தானாக விழுந்ததில்லை. இதைப் பெருமைக்குச் சொல்லவில்லை. விசாரணையில் நீங்கள் முதலில் கண்ணாடியில் இருந்த சீட்டைப் பற்றிக் கேட்டீர்கள், அதனால் அங்கிருந்து தொடங்குகிறேன்.

நான் டாக்டர் இல்லை. கதிர்வீச்சுச் சிகிச்சைப் பிரிவில் இயற்பியலாளன். ஆஸ்பத்திரியில் வேலை என்று கேள்விப்பட்டதும் உறவுக்காரர்கள் முதுகுவலிக்கு மருந்து கேட்பார்கள். நான் கணக்குப் போடுகிறவன் என்றால் அவர்களுக்கு முகம் சுருங்கிவிடும். யாருக்கு எவ்வளவு கதிர் வேண்டும் என்று பெரிய டாக்டர் எழுதுவார். அதற்கு மெஷினை எத்தனை நொடி திறந்து வைக்க வேண்டும் என்பதை நான் சொல்ல வேண்டும். மெஷினின் தலைக்குள் ஈயக் கூட்டில் கட்டைவிரல் அளவு கோபால்ட் இருக்கிறது, கதிர் அதிலிருந்துதான் வரும். அது மாதத்துக்கு ஏறக்குறைய ஒரு சதவீதம் பலம் குறையும். பலம் குறையக் குறைய நொடியைக் கூட்ட வேண்டும். எந்த அளவுக்கு எத்தனை நொடி என்று ஓர் அட்டவணை உண்டு, மாதாமாதம் அது முழுவதையும் திருத்தி எழுதிக்கொண்டிருக்க முடியாது. அதனால் அட்டவணையில் உள்ள நொடியை எதால் பெருக்க வேண்டும் என்பதை மட்டும் ஒரு சிறு சீட்டில் எழுதி, இயக்கும் மேஜைக்கு மேலே உள்ள கண்ணாடியில் ஒட்டிவிடுவேன்.

மெஷினை இயக்குபவரை நாங்கள் வானொலி என்று கூப்பிடுவோம். காலையில் வந்து செருப்பைக் கழற்றும்போது ஆரம்பித்தால் சாயங்காலம் அதே செருப்பைப் போடும் வரை வாய் ஓயாது. ஆனால் வேலையில் ஒரு குறை சொல்ல முடியாது. சீட்டில் என்ன எழுதியிருக்கிறதோ அதால் பெருக்குவார், பெருக்கியதை இன்னொரு முறை சரிபார்ப்பார்.

போன வருஷம் புது கோபால்ட் வந்தது. பழையதற்கு அப்போது நாற்பது மாதம் ஆகியிருந்தது. சீட்டில் 1.55 என்று இருந்தது. புதியதை நான் அளந்தேன், மறுநாளும் அளந்தேன், புது அட்டவணை போட்டேன். அதில் ஒரு நொடிகூடத் தப்பில்லை, உங்கள் ஆட்களும் பார்த்துவிட்டார்கள். பழைய அட்டவணையைக் கழற்றிவிட்டுப் புதியதை மாட்டினேன். புதியதற்குப் பெருக்கலே வேண்டாம், ஆனால் சீட்டை எடுக்கவில்லை. சீட்டு மாற்றுவது எப்போதும் மாதக் கடைசியில். அன்றைக்குத் தேதி ஐந்து. கண்ணில் பட்டிருக்கும்தான், ஆனால் பழகிய கண்ணுக்கு அது கண்ணாடியோடு சேர்ந்துவிட்ட ஒன்று. வானொலி புது அட்டவணையைப் பார்த்தார், பழைய சீட்டைப் பார்த்தார், பெருக்கினார். வந்த விடையும் அவருக்குப் பழகிய விடையாகவே இருந்தது. புதிய கோபால்ட்டுக்குப் பழைய நேரம். படுத்தவர்கள் எல்லோருக்கும் ஒன்றரைப் பங்குக்கு மேல் போனது.

இதுவரை நடந்தது மறதி. மறதிக்கு என்ன தண்டனையோ அதை நான் மறுக்கவில்லை. நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டியது இதற்குப் பிறகு வருவது.

அக்காவுக்குச் சிகிச்சை தொடங்கியதும் அந்த வாரம்தான். மார்பில் கட்டி, அறுவை சிகிச்சை முடிந்திருந்தது. தையல் ஆறியதும் இருபத்தைந்து நாள் கதிர் வைக்க வேண்டும். புது கோபால்ட் வரட்டும் என்று நான்தான் நாலு நாள் தள்ளிப்போட்டேன். புதியது என்றால் நேரம் குறையும், அறுத்த பக்கத்துக் கையைத் தூக்கி வைத்துக்கொண்டு அவள் படுத்திருக்க வேண்டியதும் குறையும். அது நல்ல எண்ணத்தில் செய்தது.

அக்கா என்னைவிட ஒன்பது வயது மூத்தவள். நீச்சல் பயிற்சியாளர். முப்பது வருஷம் குளத்தின் கரையில் நின்று பிள்ளைகளுக்கு நொடி எண்ணியவள். கையில் கடிகாரம் இருந்தாலும் மனசுக்குள்தான் எண்ணுவாள், கடைசியில் பார்த்தால் ஒரு நொடி கூடாது, ஒரு நொடி குறையாது. எங்கள் வீட்டுச் சுவர்க்கடிகாரத்தை அக்காவைக் கேட்டுத்தான் திருத்துவோம் என்று மாமா எல்லோரிடமும் சொல்வார். மாமா என்றால் அக்காவின் கணவர். முதல் நாள் அவளைக் கொண்டுவந்து விட்டபோது என் தோளில் கை போட்டு, "மாப்ள, நீ உள்ள இருக்கேங்கற தைரியத்துலதான் நான் வெளிய நிக்கிறேன்" என்றார்.

சிகிச்சை அறைக்குள் நோயாளியைத் தவிர வேறு யாரும் இருக்கக் கூடாது. கதவு மூடியதும் நாங்கள் வெளியே திரையில் பார்ப்போம். மார்பின் இரண்டு பக்கத்திலிருந்தும் தனித்தனியாகக் கதிர் வைப்போம், அக்கா அசையாமல் படுத்திருப்பாள். வலது கையின் ஆள்காட்டி விரல் மட்டும் மேஜை விளிம்பில் தட்டிக்கொண்டிருக்கும். எண்ணுகிறாள் என்று எனக்குத் தெரியும். முதல் நாள் வெளியே வந்ததும், "ஒரு பக்கத்துக்கு நூத்தி இருபத்தி நாலு, சரியா?" என்றாள். வானொலி அவளுடைய சிகிச்சை அட்டையைப் பார்த்துவிட்டு, "என்னம்மா இது, உங்களுக்குள்ள ஒரு கடிகாரத்தை வெச்சுத் தைச்சிட்டாங்களா?" என்று சிரித்தார். அறையில் இருந்த எல்லோரும் சிரித்தோம். அட்டவணையில் அவளுக்கு இருந்தது எண்பது.

இரண்டாவது வார வெள்ளிக்கிழமை அவள் சட்டைக் கழுத்தை விலக்கிக் காட்டினாள். "மூணாவது வாரக் கடைசியிலதானே சிவக்கும்னு சொன்ன. எனக்கு இப்பவே எரியுதுடா. அரிப்பு வேற, உசுரு போகுது." தோல் சிவந்து தடித்திருந்தது, அக்குளில் பளபளத்தது. அன்றைக்கே தொண்டைக்குக் கதிர் எடுத்துக்கொண்டிருந்த ஒரு லிஃப்ட் ஆபரேட்டரும் கழுத்தைச் சொறிந்துகொண்டு உட்கார்ந்திருந்தார். இன்னும் மூன்று பேர். திங்கட்கிழமை வானொலி வருவதற்கு முன்பே போனேன். அட்டவணையைப் பார்த்தேன். பிறகு சீட்டைப் பார்த்தேன்.

பசை நன்றாகப் பிடித்திருக்கிறது என்றுதான் முதலில் தோன்றியது.

அங்கேயே நின்று யோசித்தேன். ஈரத்துணியால் ஒற்றி எடுத்துவிட்டால் வேலை முடிந்தது. ஆனால் எடுத்தால் இன்றைக்கே எல்லோருடைய நேரமும் மூன்றில் ஒரு பங்கு குறையும். வானொலிக்கு மூக்கில் வேர்த்துவிடும். புதுசு வந்த அன்று குறையாமல் இரண்டு வாரம் கழித்து ஏன் குறைகிறது என்று கேட்பார். என்னிடம் கேட்டால் பரவாயில்லை, ஊரெல்லாம் கேட்பார். பெரிய டாக்டர் அட்டைகளை எடுத்துப் பார்ப்பார். மெஷினை மூடுவார்கள். விசாரணை என்றால் மூன்று மாதம். அன்றைக்குச் சிகிச்சையில் இருந்தவர்கள் முப்பத்து நான்கு பேர். பாதியில் நிறுத்தினால் கட்டி திரும்ப வளரும். அக்காவுக்கும் வளரும். எந்தப் பக்கம் திரும்பினாலும் கெடுதல்தான். அதனால் எது சின்னக் கெடுதலோ அதைத் தேர்ந்தெடுத்தேன். இப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

ஈரத்துணி கொண்டுவந்து பழைய சீட்டை எடுத்தேன். அதே அளவில், அதே மையில், 1.50 என்று எழுதி ஒட்டினேன். வாரத்துக்கு 0.05 குறைத்தால் பதினோராவது வாரம் ஒன்றுக்கு வந்துவிடலாம். காதும் காதும் வைத்தாற்போல் முடிந்துவிடும்.

வானொலி கேட்காமல் இல்லை. "எப்பவும் ஏறத்தானே செய்யும் சார், இப்ப ஏன் இறங்குது?"

"புதுசு இல்லையா. முதல் மூணு மாசம் கொஞ்சம் கொஞ்சமாத்தான் நிலைக்கு வரும்."

"அப்படியா? இத்தனை வருஷமா இது எனக்குத் தெரியாமப் போச்சே" என்று சொல்லிவிட்டு, அன்று முழுவதும் வந்தவர் போனவரிடமெல்லாம் புது கோபால்ட் நிலைக்கு வருவதைப் பற்றி விளக்கிக்கொண்டிருந்தார். அப்படி எதுவும் கிடையாது, ஆனால் நான் சொன்னால் அவர் நம்புவார். பத்தொன்பது வருஷமாக நான் அவரிடம் தப்பாக எதுவும் சொன்னதில்லை.

அடுத்தது மாத்திரை. பெரிய டாக்டர் வெள்ளிக்கிழமை மட்டும் எல்லோரையும் பார்ப்பார். முப்பத்து நான்கு பேரும் அவர் முன்னால் உட்கார்ந்து சொறிந்தால் அவர் சும்மா இருக்க மாட்டார். அதனால் நர்ஸம்மாவிடம், புது கோபால்ட்டுக்குச் சிலருக்குத் தோல் அலர்ஜி மாதிரி வருகிறது, அரிப்புக்கு மாத்திரை கொடுத்துவிடுங்கள் என்றேன். பெரிய டாக்டர் சொன்னாரா என்று கேட்டார். சொன்னார் என்றேன். அரிப்பு மாத்திரை, அலர்ஜி மாத்திரை, ஆன்டிஹிஸ்டமின், எப்படி வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளுங்கள். பூச்சி கடித்துத் தடிப்பு வந்தால் அது வேலை செய்யும். கதிரால் வெந்த தோலுக்கு அது எதுவும் செய்யாது. வெந்தது வெந்ததுதான். அரிப்பைக் கொஞ்சம் மட்டுப்படுத்தும், பழைய ரகமாக இருந்தால் ஆளைத் தூங்கவைக்கும். தூங்குகிறவர்கள் சொறிவதில்லை, கேள்வியும் கேட்பதில்லை. லிஃப்ட் ஆபரேட்டர் ஒரு நாள் என் கையைப் பிடித்துக்கொண்டார். "ரெண்டு மாசம் கழிச்சு இப்பத்தான் சார் ராத்திரி தூங்குறேன். நல்லா இருப்பீங்க" என்றார். அவர்தான் முதலில் இறந்தார்.

அந்தப் பதினோரு வாரத்தில் புதிதாக இருபத்தேழு பேர் சேர்ந்தார்கள். அதைத் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் உங்கள் அறிக்கையில் எல்லோரையும் ஒன்றாகப் போட்டிருக்கிறீர்கள். முப்பத்து நான்கு பேருக்கு முதலில் என் மறதி, பிறகு நான். இந்த இருபத்தேழு பேருக்கு மறதி கிடையாது. அவர்கள் முதல் நாள் அறைக்குள் நுழையும்போதே சீட்டில் என்ன இருக்கிறது, என்ன இருக்க வேண்டும் என்று எனக்குத் தெரியும். அவர்களில் ஒருவர் பேருந்து நிலையத்தில் அறிவிப்புச் சொல்கிறவர். தொண்டை போனால் வேலை போகும், பார்த்துச் செய்யுங்கள் சார் என்றார். பார்த்துக்கொள்கிறேன் என்றேன்.

அக்காவுக்கு மட்டும் சரியான நேரம் கொடுத்திருக்கலாமே என்று நேற்றுக் கேட்டீர்கள். அதையும் யோசித்தேன். அவள் அட்டையில் மட்டும் எண்பது என்று எழுதினால், பக்கத்து அட்டைகளோடு வைத்துப் பார்க்கிறவர்களுக்கு அது உறுத்தும். எல்லோருக்கும் எப்படியோ அவளுக்கும் அப்படியே. நான் பாரபட்சம் காட்டவில்லை.

சிக்கல் அவள் எண்ணிக்கையில்தான் வந்தது. மூன்றாவது வாரம் வெளியே வந்ததும், "இன்னிக்கு நூத்தி இருபதுதான்டா" என்றாள்.

"நீ மெதுவா எண்ணியிருப்ப. களைப்பா இருக்க இல்ல?"

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "நான் தப்பா எண்ணினது வாழ்க்கையிலேயே உனக்கு மட்டும்தான். அதுவும் மெதுவா இல்ல, வேகமா."

அது ஒரு பழைய கதை. ஏழு வயதில் எனக்கு மூச்சடக்கும் பைத்தியம். நான் தண்ணீருக்குள் போனதும் அக்கா குளத்தின் இரும்பு ஏணியில் சாவியால் நொடிக்கு ஒரு தட்டு தட்டுவாள். உள்ளே நன்றாகக் கேட்கும். நூறாவது தட்டை இரட்டையாகத் தட்டினால் மேலே வர வேண்டும். நூறு நொடி இருந்தேன் என்று வகுப்பு முழுக்கப் பீற்றிக்கொண்டேன். பிற்பாடு ஒரு நாள் கடிகாரம் வைத்துப் பார்த்தபோதுதான் அவளுடைய நூறு எழுபது நொடிக்குள் முடிந்துவிடுகிறது என்று தெரிந்தது. சண்டை போட்டேன். "நீ மேல வர்ற வரைக்கும் எனக்கு மூச்சு நின்னுடுதுடா, அதான் சீக்கிரம் எண்ணிட்டேன்" என்றாள்.

நாலாவது வாரம் நூற்றுப் பதினாறு. செவ்வாய்க்கிழமை. வெளியே வந்தவள் உட்காராமல் நின்றாள். மார்பில் தோல் உரிந்து நீர் கசியத் தொடங்கியிருந்தது, சட்டையைத் தள்ளிப் பிடித்துக்கொண்டே பேசினாள். "வாரத்துக்கு நாலு நாலாக் குறையுது. தானாக் குறைஞ்சா இப்படி அளந்து குறையாது. யாரோ குறைக்கிறாங்க. யாரோ குறைக்கிறாங்கன்னா முதல்ல அதிகமா இருந்திருக்கு. வெள்ளிக்கிழமை டாக்டர்கிட்ட கேட்டுடறேன்."

"நான் கேக்கறேன், நீ எதுக்கு அலையணும்?"

"நீயும் கேளு. நானும் கேக்கறேன். எனக்கு மட்டும் இல்லையேடா, இத்தனை பேர் வந்து படுக்கறாங்களே."

மாமா வண்டியைத் திருப்பிக்கொண்டுவரப் போயிருந்தார். நாங்கள் இரண்டு பேர் மட்டும் வாசல் பெஞ்சில் இருந்தோம். அவளுக்கு அது வரை தூக்கம் அதிகம் வராத புது ரக மாத்திரையைத்தான் கொடுத்திருந்தேன், இரவுக்கு ஒன்று. பையிலிருந்து பழைய ரகத்தை எடுத்தேன். இது இன்னும் நல்லது, ஆனால் ராத்திரி வேண்டாம், காலையில் கிளம்பும் முன்னால் போட்டுக்கொள் என்றேன். எத்தனை என்று கேட்டாள். இரண்டு என்றேன். அக்கா மாத்திரை அட்டையைத் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை. நான் கொடுத்ததை அவள் என்றைக்கும் திருப்பிப் பார்த்ததில்லை.

இதைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். அரிப்புக்கு இரவில் கொடுப்பதுதான் சரி. காலையில் கொடுத்ததால் அரிப்புக்கு ஒரு லாபமும் இல்லை. அவள் எண்ணக் கூடாது என்பதற்காகக் கொடுத்தேன். புதன்கிழமை திரையில் பார்த்துக்கொண்டிருந்தேன். விரல் தட்டியது. முப்பது, முப்பத்தைந்து வரை சரியாகத் தட்டியது. பிறகு தடுமாறியது. ஐம்பது இருக்கும்போது நின்றுவிட்டது. வானொலி, "பாவம், அம்மாவுக்கு அசந்துபோச்சு" என்றார்.

வெள்ளிக்கிழமை பெரிய டாக்டர் முன்னால் அவளுக்குக் கண் சொருகியது. "டாக்டர், அந்த நேரம்..." என்று ஆரம்பித்தாள். நாக்கு குழறியது. நேரமாயிற்று என்று சொல்கிறாள், வீட்டுக்குப் போக அவசரம் என்று நான் சொன்னேன். டாக்டர் புண்ணைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். "கொஞ்சம் அதிகமாத்தான் இருக்கு. சிலர் தோல் அப்படி. என்ன சார், நேரமெல்லாம் சரிதானே?" என்று என்னைக் கேட்டார். சரி என்றேன். ஒரே வார்த்தை. அதற்கு எனக்கு ஒரு நொடிகூட ஆகவில்லை.

ஐந்தாவது வாரம் அக்கா என்னிடம் ஒன்று கேட்டாள். "படுத்ததும் தூங்கிடறேன்டா. எண்ணிக்கை விட்டுப்போகுது. நீ வெளிய நின்னு எனக்காக எண்ணிச் சொல்லு." ஐந்து நாளும் எண்ணினேன். நூற்றுப் பன்னிரண்டு வந்தது. நூற்றுப் பதினாறு என்று சொன்னேன். "அப்ப நின்னுடுச்சா குறையறது?" என்றாள். நின்றுவிட்டது என்றேன். "அப்ப நான்தான் தப்பா எண்ணிட்டேன்போல" என்றாள். முப்பது வருஷம் நொடி எண்ணியவள் அப்படிச் சொன்னபோது எனக்கு ஏதோ ஆகியிருக்க வேண்டும். நிம்மதியாக இருந்தது என்பதுதான் நினைவில் இருக்கிறது.

பதினோராவது வாரம் 1.00 என்று எழுதி ஒட்டினேன். அந்தச் சீட்டு தேவையே இல்லை, எடுத்திருக்கலாம். வெறும் கண்ணாடியைப் பார்த்தால் வானொலிக்குக் கேள்வி வரும். எடுத்த சீட்டுகளை நான் எறியவில்லை. தேதி போட்டு ஒரு நோட்டில் ஒட்டி வைத்திருந்தேன், அது இப்போது உங்கள் மேஜையில் இருக்கிறது. நீங்கள் என்னைத் தேடி வந்ததற்கு அந்த நோட்டு காரணம் இல்லை. வானொலி எங்கோ ஒரு கூட்டத்தில் புது கோபால்ட் நிலைக்கு வருவதைப் பற்றி விளக்கியிருக்கிறார், அங்கே விஷயம் தெரிந்த ஒருவர் இருந்திருக்கிறார். வானொலிக்கு இதில் சம்பந்தமில்லை. அவர் இப்போது பேசுவதே இல்லை என்று கேள்விப்பட்டேன்.

இதுவரை இறந்தவர்கள் பதினான்கு பேர். எத்தனை பேர் நோயால், எத்தனை பேர் சீட்டால் என்று பிரிப்பது கடினம். மெஷினை மூடுவார்கள் என்று சொன்னேன் அல்லவா. அதையும் திருத்திக்கொள்ளுங்கள். சீட்டை எடுப்பதற்கு மெஷினை மூட வேண்டியதே இல்லை. அன்று காலை அந்தக் கண்ணாடி முன்னால் நின்றபோதே அது எனக்குத் தெரியும். என் கணக்கு தப்பு என்று யாரும் சொல்லக் கூடாது, அவ்வளவுதான்.

அக்காவுக்குப் புண் ஆறவில்லை. ஆறாவது மாதம் உள்ளே விலா எலும்பு தெரிந்தது. நுரையீரல் அந்தப் பக்கம் சுருங்கிவிட்டது. ஒரு வாக்கியம் பேசினால் மூச்சு வாங்க மூன்று முறை நிறுத்த வேண்டும். மாமா பக்கத்தில் உட்கார்ந்து விசிறிக்கொண்டே இருப்பார். நான் தினமும் அவள் வீட்டுக்குப் போனேன். வேலை முடிந்ததும் நேராக அங்கேதான். மாத்திரையும் கொண்டுபோவேன், காலைக்கு இரண்டு, பழக்கமாகிவிட்டது. அவள் கேட்காமல் வாங்கித் தலைமாட்டில் வைத்துக்கொள்வாள்.

எட்டாவது மாதம் ஒரு சாயங்காலம். மாமா மருந்து வாங்கப் போயிருந்தார். அவள் விரல் கட்டில் சட்டத்தில் மெல்லத் தட்டிக்கொண்டிருந்தது. வெகுநேரம் தட்டியது. பிறகு அந்தக் குளத்து ஏணியில் தட்டியதுபோல இரட்டையாக ஒரு தட்டு தட்டிவிட்டு நிறுத்தினாள். தலைமாட்டிலிருந்த மாத்திரை அட்டைகளை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தாள். ஒன்றுகூடப் பிரிக்கவில்லை, சிகிச்சை முடிந்த பிறகு வீட்டுக்கு நான் கொண்டுபோனவை எல்லாம் அப்படியே இருந்தன.

"இனிமே நான் எண்ண மாட்டேன்டா" என்றாள். மூச்சு வாங்கினாள். "இந்த மாத்திரை வேண்டாம்."

அடுத்த வாரம் போய்விட்டாள். அந்த அட்டைகள் இன்னும் என் அலமாரியில் இருக்கின்றன. அரிப்பு நின்றுவிட்டதால் வேண்டாம் என்கிறாள் என்றுதான் நான் அன்றைக்கு அதைப் புரிந்துகொண்டேன்.